அமெரிக்கப் பெண் பேய்க் கதைகளை வரலாற்றுச் சான்றாக வாசிப்பது எப்படி?

அமெரிக்காவின் பழைய நகரங்களில் இரவு நேரப் பேய்ச் சுற்றுலா இன்று நல்ல வருமானம் தரும் தொழிலாகிவிட்டது. நியூ ஆர்லியன்ஸ், சவானா, சேலம் என்று எங்கு போனாலும், வழிகாட்டி ஒருவர் ஒரு கூட்டத்தை அழைத்துச் சென்று, வீட்டுக்கு வீடு நிறுத்திக் கதை சொல்வதைப் பார்க்கலாம். கொலையுண்ட மனைவி, தூக்கிலிடப்பட்ட அடிமைப் பெண், பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கணவன் விட்டுச்சென்ற சொத்தோடு தனித்து வாழ்ந்த கைம்பெண் என அக்கதைகளில் பெண்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். பேய் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை. இத்தகைய ஒரு கதை கையில் கிடைத்தால், அதிலிருந்து அமெரிக்க வரலாற்றைப் பற்றி நம்பத்தக்க ஒன்றை எப்படிப் பெறுவது என்பதே இங்கு விளக்கப்படுகிறது. இணைய இணைப்பும் குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் சென்னையிலோ கனடாவிலோ உட்கார்ந்துகொண்டே இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தான் விவரிக்கும் சம்பவத்துக்குப் பேய்க் கதை பெரும்பாலும் பலவீனமான சாட்சிதான். ஆனால் அதைச் சொன்னவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள், எதை வெளிப்படையாகப் பேச முடியாமல் இருந்தார்கள், எதை மறைக்க விரும்பினார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஒன்று கதையை அப்படியே நம்புகிறார்கள், அல்லது மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் வரலாறு கைக்கு வராது.

கதையின் வயதைக் கண்டுபிடியுங்கள்

முதலில் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, நீங்கள் கேட்ட வடிவத்தை அப்படியே எழுதிவையுங்கள். யார் சொன்னார், எங்கே, எந்த ஆண்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு சொன்னாரா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். அதன்பின் கதையில் சரிபார்க்கக்கூடிய கூற்றுகளை மட்டும் பிரித்தெடுங்கள்: பெயர், தேதி, இடம், உறவுமுறை, சாவின் காரணம். குளிர்ந்த காற்று வீசியது, கண்ணாடியில் உருவம் தெரிந்தது போன்றவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம்.

அடுத்து, அந்தக் கதை அச்சில் முதன்முதலாக எப்போது வந்தது என்று தேட வேண்டும். இதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' என்ற பழைய செய்தித்தாள் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பெண்ணின் சொந்தப் பெயரை இட்டுத் தேடினால் பல வேளைகளில் ஒன்றும் கிடைக்காது. 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகள் திருமணமான பெண்ணைக் கணவரின் பெயருக்கு முன் 'மிஸஸ்' சேர்த்தே குறிப்பிட்டு வந்தன. ஆகவே கணவர் பெயர், தந்தை பெயர், ஊர்ப் பெயர் ஆகியவற்றைக் கொண்டும் தேடுங்கள். பழைய அச்சைக் கணினி படித்து எழுத்தாக்கியிருப்பதால் எழுத்துப் பிழைகள் மலிந்திருக்கும். ஒரே பெயரை மூன்று நான்கு விதமாக எழுதிப் பார்ப்பது அவசியம்.

நியூ ஆர்லியன்ஸின் ராயல் தெருவில் இருந்த டெல்ஃபின் லாலோரி என்ற பெண்ணின் வீட்டுக் கதை இதற்கு நல்ல பயிற்சி. 1834 ஏப்ரல் 10 அன்று அந்த வீட்டில் தீப்பிடித்தது. அணைக்க வந்தவர்கள் பூட்டிய கதவுகளை உடைத்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கொடுமைப்படுத்தப்பட்டிருந்த அடிமைகள் ஏழு பேரைக் கண்டதாக நகரப் பத்திரிகைகள் உடனுக்குடன் எழுதின. ஊர் திரண்டு வீட்டைச் சூறையாடியது. லாலோரி தப்பிப் பிரான்சுக்குப் போய்விட்டார். இதுதான் முதல் அடுக்கு. அதன்பின் அமெரிக்காவில் பயணம் செய்த ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ, எஜமானியின் சாட்டைக்கு அஞ்சி ஓடிக் கூரையிலிருந்து விழுந்து மாண்ட ஒரு சிறுமியைப் பற்றி ஊரார் சொல்லக் கேட்டதை 1838-ல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். இது இரண்டாம் அடுக்கு. நேரில் கண்ட சாட்சியமாக இல்லாவிட்டாலும், நிகழ்ச்சி நடந்து சில ஆண்டுகளுக்குள் ஊர் என்ன பேசியது என்பதற்கு அது ஆதாரம். இன்றைய சுற்றுலாக்களில் சொல்லப்படும், மனித உடல்களை அறுத்துச் செய்த விபரீதப் பரிசோதனைகள் யாவும் 20-ஆம் நூற்றாண்டில் சேர்ந்த மூன்றாம் அடுக்கு. 1834-ஆம் ஆண்டுச் செய்திகளில் அவற்றின் சுவடே இல்லை.

அடுக்குகளைப் பிரித்த பிறகே கேள்வி கேட்கத் தொடங்க முடியும். நடந்த கொடுமையே போதுமானதாக இருக்கும்போது, பின்வந்தவர்கள் ஏன் அதற்கு மேலும் ரத்தம் பூசினார்கள்? என் கணிப்பு இது: லாலோரியை மனநோய் பிடித்த தனியொரு அரக்கியாக்கிவிட்டால், அதே தெருவில் அடிமைகளை வைத்திருந்த மற்ற வீடுகள் அனைத்தும் சாதாரண, நல்ல வீடுகளாகிவிடுகின்றன. சட்டம் அனுமதித்த ஓர் ஏற்பாட்டின் பழி முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் கட்டி, அவளையும் ஊரை விட்டு ஓடவைத்துக் கதை முடிகிறது. இன்னொரு விவரத்தையும் குறித்துக்கொள்ளலாம்: வழிகாட்டிகள் இன்று கைகாட்டும் கட்டடம், அந்தச் சூறையாடலுக்குப் பின் மீண்டும் எழுப்பப்பட்டது.

டென்னசியில் பெல் என்ற குடும்பத்தை ஓர் ஆவி வாட்டியதாகச் சொல்லும் 'பெல் சூனியக்காரி' கதையை இதே முறையில் சோதித்தால் விடை விரைவாகவே கிடைத்துவிடும். சம்பவங்கள் 1817 முதல் 1820 வரை நடந்தனவாம். அவற்றை விரிவாகச் சொல்லும் நூலோ 1894-ல்தான் வெளிவந்தது. இடையில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன என்பதை நினைவில் கொண்டு மேலே செல்லுங்கள்.

பதிவேடுகளில் பெண்களைத் தேடும்போது

கதையின் வயது தெரிந்தபின், அதில் வரும் மனிதர்கள் உண்மையில் இருந்தார்களா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தாலும், 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது; மனைவியும் மகள்களும் வயது வாரியாக வெறும் எண்ணிக்கையாகவே நின்றார்கள். 1850 முதல் சுதந்திர மக்கள் ஒவ்வொருவரின் பெயரும் வருகிறது. அடிமைகளுக்கு 1850-லும் 1860-லும் தனிப் பட்டியல் எடுக்கப்பட்டது. அதில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும், பெயர் அரிதாகவே இருக்கும். 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகத் தங்கள் பெயரோடு தோன்றுகிறார்கள். 1890-ஆம் ஆண்டின் பதிவுகளோ 1921-ல் ஏற்பட்ட தீ விபத்தைத் தொடர்ந்து ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டன. ஆகவே ஒரு பெண்ணைக் கணக்கெடுப்பில் காணவில்லை என்பதால் மட்டும் அவள் இருந்ததில்லை என்று முடிவு கட்டக் கூடாது. உயில்கள், இறந்தவரின் சொத்துக் கணக்குகள், தேவாலயப் பதிவேடுகள், கல்லறைக் கற்கள் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும்.

லூசியானாவின் செயின்ட் ஃபிரான்சிஸ்வில் ஊரில் உள்ள மிர்டில்ஸ் பண்ணை வீட்டின் கதையை இதில் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. க்ளோயி என்ற அடிமைப் பெண் எஜமானர் கிளார்க் வுட்ரஃபின் பேச்சை ஒட்டுக் கேட்டதற்காக அவள் காது அறுக்கப்பட்டது. அதை மறைக்க அவள் பச்சைத் தலைப்பாகை கட்டினாள். எஜமானரின் குழந்தைக்குப் பிறந்தநாள் கேக் செய்யும்போது அரளி இலையைக் கலந்தாள். எஜமானியும் இரண்டு பெண் குழந்தைகளும் மாண்டனர். சக அடிமைகளே அவளைத் தூக்கிலிட்டு மிசிசிப்பி ஆற்றில் வீசினார்கள். இதுதான் அங்கே தங்கப் போகும் விருந்தினர்களுக்குச் சொல்லப்படும் கதை.

இப்போது கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபாருங்கள். எஜமானி சாரா வுட்ரஃப் 1823-ல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவருடைய இரண்டு குழந்தைகள் இறந்தது அடுத்த ஆண்டு, 1824-ல். அவர்கள் இருவரும் பெண் பிள்ளைகள் அல்லர், ஜேம்ஸ் என்ற மகனும் கொர்னீலியா என்ற மகளும். கதையில் ஒரே நாளில் ஒரே கேக்கால் விழுந்த மூன்று சாவுகளும், ஆவணத்தில் ஓர் ஆண்டுக்கு மேல் நீண்டு, அந்த வட்டாரத்தை அடிக்கடி வாட்டிய ஒரு நோயோடு சேர்கின்றன. வுட்ரஃப் குடும்பத்தின் சொத்துப் பதிவுகளைத் தேடிய ஆய்வாளர்களுக்கு க்ளோயி என்ற பெயர் அகப்படவில்லை. அந்த வீட்டில் பல கொலைகள் நடந்ததாகச் சொல்லப்பட்டாலும், ஆவணம் உள்ள கொலை ஒன்றுதான்: 1871 ஜனவரியில் வில்லியம் வின்டர் என்ற வழக்கறிஞர் சுட்டுக் கொல்லப்பட்டது.

இங்கே நிறுத்திவிட்டு, "ஆக, கதை பொய்" என்று எழுதினால் வேலை பாதியில் நின்றுவிடும். க்ளோயி கற்பனை என்றாலும், அந்தப் பண்ணையில் அடிமைப் பெண்கள் இருந்தது கற்பனை அல்ல. எஜமானரின் வீட்டுக்குள் வேலை செய்த பெண்களுக்கு அவரிடமிருந்து எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை; தென் மாநிலங்களில் அடிமை ஒருவர் வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் முடியாது. சமையலறையில் இருக்கும் அடிமைப் பெண் விஷம் வைத்துவிடுவாளோ என்ற அச்சம் எஜமானர் குடும்பங்களில் நிலவியதற்கு அக்காலச் சட்டங்களும் வழக்குகளுமே சாட்சி. கதை அந்த அச்சத்தை நினைவில் வைத்திருக்கிறது, ஆனால் எஜமானரின் பக்கத்தில் நின்றுகொண்டு. பெண்ணின் காதை அறுத்தவர் இயல்பான மனிதராகவும், அறுபட்டவள் கொலைகாரியாகவும் பேயாகவும் மாறுகிறார்கள். அவளைத் தண்டிக்கும் வேலையைக்கூடச் சக அடிமைகளிடமே கதை ஒப்படைத்துவிடுகிறது. வெள்ளையர் கையில் கயிறு இல்லை. இப்படி ஒரு கதை, ஒரு பண்ணை வீடு தங்கும் விடுதியான காலத்தில் பரவியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

க்ளோயிக்குப் பதிலாக யாரைத் தேடுவது? லூசியானாவில் அடிமை விற்பனையும் சொத்துப் பிரிவினையும் நோட்டரி முன்னிலையில் பத்திரமாக எழுதப்பட்டதால், வேறு பல மாநிலங்களில் கிடைக்காத பெயர்கள் அங்கே கிடைக்கின்றன. வரலாற்றாளர் க்வென்டலின் மிட்லோ ஹால் அத்தகைய ஆவணங்களிலிருந்து 1719 முதல் 1820 வரையிலான சுமார் ஒரு லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்துத் தரவுத்தளமாக்கினார். பெயர், வயது, தொழில், பிறந்த இனக்குழு, விலை என்று சிலருக்கு நிறையவே தெரியவருகிறது. பேயைத் தேடிப் போனவர் உண்மையான ஒரு சமையல்காரியை அல்லது சலவைக்காரியை அங்கே கண்டெடுக்க முடியும்.

கதையைச் சொல்பவள் யார்?

பெண் பேயாக வரும் கதையும், பெண் தன் வாயால் சொல்லும் பேய்க் கதையும் ஒன்றல்ல. க்ளோயி கதையில் பெண் வெறும் பாத்திரம். மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் மாவட்டக் கதையிலோ கதைசொல்லியே ஒரு தாய். இவ்வகைக் கதை கிடைத்தால் மிகுந்த நிதானத்தோடு வாசிக்க வேண்டும். வரலாறு அதிகம் கிடைப்பது இங்கேதான்.

1897 ஜனவரி 23 அன்று ஸோனா ஹீஸ்டர் ஷூ என்ற இளம்பெண் தன் வீட்டில் இறந்து கிடந்தாள். கொல்லரான எட்வர்ட் ஷூவை அவள் மணந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மருத்துவர் வருவதற்குள் கணவனே சடலத்தை மாடிக்குத் தூக்கிச் சென்று, உயர்ந்த கழுத்துப் பட்டை வைத்த உடையை உடுத்திவிட்டிருந்தான். மருத்துவர் கழுத்தருகே போனபோது அவன் கடுமையாக எதிர்க்கவே, அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மயக்கம் என்றும், பின்பு பிரசவம் தொடர்பானது என்றும் காரணம் எழுதினார். ஸோனாவின் தாய் மேரி ஜேன் ஹீஸ்டர் இதை நம்பவில்லை. நான்கு இரவுகள் மகளின் ஆவி தன்னிடம் வந்து, கணவன் தன் கழுத்தை முறித்ததைச் சொன்னதாக அவர் அரசு வழக்கறிஞரிடம் முறையிட்டார். பிப்ரவரியில் சடலம் தோண்டி எடுக்கப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் கழுத்தெலும்பு விலகி, மூச்சுக்குழல் நசுங்கியிருந்தது தெரியவந்தது. அந்தக் கோடையில் லூயிஸ்பர்க் நீதிமன்றத்தில் ஷூவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; 1900-ல் அவன் சிறையில் இறந்தான். ஆவியின் சாட்சியம் கொலையாளியைத் தண்டிக்க உதவிய ஒரே வழக்கு என்று மாநில அரசின் சாலையோரப் பலகை ஒன்று இன்றும் சொல்கிறது.

அந்தப் பலகையை நம்புவதற்கு முன் விசாரணைச் செய்தியைப் பாருங்கள். அரசுத் தரப்பு ஆவியைப் பற்றிப் பேசவே இல்லை. தாயைச் சித்தம் கலங்கியவராகக் காட்டலாம் என்று எண்ணி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்தான் குறுக்கு விசாரணையில் அதைக் கிளறினார். அது கனவுதானே என்று அவர் எத்தனை வகையாகக் கேட்டும், தான் விழித்திருந்ததாகவே அந்தத் தாய் உறுதியாக நின்றார். அவர் சொன்ன விவரங்களில் ஒன்று என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. இரவுச் சாப்பாட்டுக்கு இறைச்சி சமைக்கவில்லை என்பதற்காகக் கணவன் கோபம் கொண்டானாம். ஆனால் வீட்டில் வெண்ணெய் இருந்தது, ஆப்பிள் பழக்கூழ் இருந்தது, பலவகைப் பழ ஜாம்கள் இருந்தன என்று ஆவி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கியதாம். நீதிமன்றத்தில் ஒரு பேய் தன் அலமாரியில் என்னென்ன இருந்தது என்று கணக்குச் சொல்கிறது! சாப்பாட்டுக்காக அடிபடும் பெண், தான் குறை வைக்கவில்லை என்று சொல்லும் நியாயம் இது. அந்தத் தாய்க்கும் அவருடைய அக்கம்பக்கத்தாருக்கும் இது எவ்வளவு பழகிய பேச்சாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கதையை வாசிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, அந்தத் தாய் இதை வேறு எவ்வழியில் சொல்லியிருக்க முடியும் என்பது. அக்காலத்தில் சடலத்தைக் குளிப்பாட்டி உடுத்துவது அக்கம்பக்கத்துப் பெண்களின் வேலை. கணவன் அதைத் தானே செய்தது வழக்கத்துக்கு மாறானது. துக்கத்துக்கு வந்தவர்கள் கழுத்தின் மீது சுற்றியிருந்த துணியையும், தலை நிலைகொள்ளாமல் சரிந்ததையும் கவனித்திருந்தார்கள். இப்படிப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சந்தேகத்துக்கு, ஆண் மருத்துவர் எழுதிய காரணத்தின் முன் மதிப்பில்லை. அந்த மாநிலத்தில் அப்போது பெண்ணுக்கு வாக்குரிமை இல்லை. ஜூரியிலும் அவள் உட்கார முடியாது. "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று ஒரு தாய் சொன்னால் அது புலம்பல். "இறந்தவள் வந்து சொன்னாள்" என்று சொன்னால் ஊர் காதுகொடுத்துக் கேட்கும். அவர் ஆவியை மெய்யாகவே கண்டதாக நம்பினாரா, தெரிந்தே ஒரு வழியைத் தேர்ந்தாரா என்பதை ஆவணத்தால் தீர்க்க முடியாது. அதைத் தீர்க்காமலேயே இந்த வாசிப்பு நிற்கும்.

இதற்கு எதிர் எடையாக 205 ஆண்டுகள் முந்தைய ஒரு வாக்குமூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1692-ல் மாசசூசெட்ஸின் சேலம் கிராமத்தில், சுமார் 12 வயதுச் சிறுமி ஆன் பட்னம், அக்கிராமத்தின் முன்னாள் பாதிரியார் ஜார்ஜ் பரோஸின் மறைந்த மனைவியர் இருவரும் பிணத்துணி சுற்றிய கோலத்தில் தன்முன் தோன்றியதாகச் சொன்னாள். அவர்களில் ஒருத்தி துணியை விலக்கி, இடது அக்குளுக்குக் கீழே தன்னைக் குத்திவிட்டு அந்தக் காயத்தைக் கணவன் முத்திரை அரக்கால் மூடிய இடத்தைக் காட்டினாளாம். சூனியக் குற்றம் சாட்டப்பட்ட பரோஸ் 1692 ஆகஸ்ட் 19 அன்று தூக்கிலிடப்பட்டார். சேலம் சூனிய வழக்குகளின் மூல ஆவணங்கள் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்த வாக்குமூலத்தை அங்கே நீங்களே படிக்கலாம்.

இரண்டு கதைகளிலும் கொலையுண்ட மனைவி வந்து கணவனைக் காட்டிக் கொடுக்கிறாள். ஆனால் சேலத்தில் ஆவியின் பேச்சே சான்றாக ஏற்கப்பட்டது, தோண்டிப் பார்க்க யாரும் போகவில்லை. இங்கும் பதிவேடுகளுக்குள் போனால் வேறொரு கதை தென்படுகிறது. பரோஸ் தம்பதியர் சில மாதங்கள் ஜான் பட்னம் என்பவர் வீட்டில் தங்கியிருந்தார்கள். முதல் மனைவியின் ஈமச் சடங்குச் செலவுக்கு வாங்கிய கடன் பற்றி பரோஸுக்கும் அவருக்கும் வழக்கே நடந்தது. பரோஸ் மனைவியிடம் கடுமையாக நடந்துகொண்டார் என்று அந்த வீட்டார் பின்பு சாட்சி சொன்னார்கள். ஆக, பெரியவர்களின் பணத் தகராறும், ஒரு மனைவி பட்ட பாடு பற்றிய வீட்டுப் பேச்சும் ஒரு சிறுமியின் வாயில் பேய்களாக வந்திருக்கின்றன. 1706-ல் ஆன் பட்னம் தேவாலயத்தில் பகிரங்க மன்னிப்புக் கேட்டாள். பெண் சொல்லும் பேய்க் கதை என்பதாலேயே அதை நியாயத்தின் குரலாக எடுத்துக்கொள்ளும் இன்றைய போக்குக்கு இந்த வழக்கு நல்ல கடிவாளம்.

நோயும் துப்பாக்கியும்

ஒரே குடும்பத்தில் இளம்பெண்கள் அடுத்தடுத்து சாகும் கதை கிடைத்தால் முதலில் நோயைத் தேடுங்கள். ரோட் ஐலண்டின் எக்ஸிடர் ஊரில் மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் 1892 ஜனவரியில் காசநோயால் இறந்தாள். தாயும் தமக்கையும் அதே நோயில் முன்பே போயிருந்தார்கள். அண்ணன் எட்வினும் நோயுற்றபோது, புதைத்தவர்களில் யாரோ அவன் உயிரை உறிஞ்சுவதாக ஊரார் சொல்ல, மார்ச் மாதத்தில் சடலங்களைத் தோண்டி, மெர்சியின் இதயத்தை எரித்துச் சாம்பலை அவனுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். அவன் சில வாரங்களில் இறந்தான். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அடையாளம் கண்டு அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது. மருத்துவ அறிவு எவ்வளவு மெதுவாக நாட்டுப்புறத்தை எட்டியது என்பதை அளக்க இதைவிடத் துல்லியமான ஆவணம் கிடைப்பது கடினம்.

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள வின்செஸ்டர் மாளிகைக் கதையோ வேறு வகை. துப்பாக்கி நிறுவனக் குடும்பத்தின் மருமகளான சாரா வின்செஸ்டர், அந்தத் துப்பாக்கிகளால் மாண்டவர்களின் ஆவிகளுக்கு அஞ்சி, இரவும் பகலும் ஓயாமல் வீடு கட்டினார் என்பது கதை. அவர் 1866-ல் பச்சிளம் மகளையும் 1881-ல் கணவரையும் இழந்தார். 1886-ல் ஒரு பண்ணை வீட்டை வாங்கி, பல ஆண்டுகள் விரிவாக்கிக்கொண்டே இருந்தார். எங்கும் போகாத படிக்கட்டு, வெட்டவெளியில் திறக்கும் கதவு போன்றவற்றில் பலவற்றுக்கு 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த பகுதிகளை அவர் திரும்பக் கட்டாமல் விட்டதே விளக்கம். சுமார் 2 அங்குல உயரமே உள்ள விசித்திரப் படிகள், மூட்டுவாதத்தால் காலைத் தூக்க முடியாத ஒரு பெண்ணுக்காகக் கட்டப்பட்டவை. 1922-ல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே வீடு கட்டணக் காட்சிக்குத் திறக்கப்பட்டது.

தன் பணத்தைத் தன் விருப்பப்படி செலவழித்த, அயலாரோடு அதிகம் பழகாத கைம்பெண்ணைப் பித்துப் பிடித்தவளாக்குவது எந்த ஊரிலும் நடப்பதுதான். இக்கதையில் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மேற்கு நிலங்களைக் கைப்பற்றிய போரில் பூர்வகுடிகள் மாண்டார்கள் என்ற உண்மையை அமெரிக்க வெகுஜனக் கதை ஒன்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தக் குற்ற உணர்வைச் சுமக்க வைத்தது, துப்பாக்கி தயாரித்த ஆண்களையோ சுட்டவர்களையோ அல்ல. உங்கள் கையில் உள்ள கதையில் குற்றம் யாருடையது, அதற்காக அஞ்சுபவள் யார் என்று இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். இவை இரண்டும் வேறு வேறாக இருந்தால் அங்கே தோண்டலாம்.

வாய்மொழிக் கதைகளும், பேயாக நடித்தவர்களும்

டெக்சாஸ் முதல் கலிஃபோர்னியா வரை ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களில் சொல்லப்படும் லா யொரோனா, தன் பிள்ளைகளை நீரில் மூழ்கடித்துவிட்டு இரவெல்லாம் அழுதுகொண்டே அலைபவள். இவளுக்கு முதல் பிரதி என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை. மெக்சிகோவின் பூர்வகுடிகளைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஃபுளோரன்டைன் சுவடியில், ஸ்பானியர் வருமுன் தோன்றிய தீய சகுனங்களுள் ஒன்றாக, தன் பிள்ளைகளை எண்ணி இரவில் அழும் பெண் ஒருத்தி வருகிறாள். அவளே இவள் என்று அடித்துச் சொல்ல இயலாது. இத்தகைய கதையில் யார் யாருக்குச் சொல்கிறார், எந்த வாய்க்காலை அல்லது ஓடையைச் சுட்டிச் சொல்கிறார் என்பதைக் குறிப்பதே பலன் தரும்.

முன்னாள் அடிமைகளின் வாய்மொழிக்கு மிகப் பெரிய களஞ்சியம், 1936 முதல் 1938 வரை மத்திய அரசின் எழுத்தாளர் திட்டத்தில் பதிவான 2,300-க்கும் மேற்பட்ட நினைவுரைகள். இவையும் காங்கிரஸ் நூலகத் தளத்தில் உள்ளன. ஆனால் பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திய வெள்ளையர். அவர்களுக்குத் தரப்பட்ட கேள்வித்தாளிலேயே பேய்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தது. வறுமையில் இருந்த முதிய பெண் ஒருவர், அரசாங்கத்திலிருந்து வந்தவர் என்று தான் நினைக்கும் வெள்ளையரிடம் பேய்க் கதை சொல்வது எளிது. பழைய எஜமானர் செய்ததைச் சொல்வது அவ்வளவு எளிதல்ல. ஆகவே பேய்க்கு முன்னும் பின்னும் அவர் என்ன சொல்கிறார், எங்கே பேச்சை மாற்றுகிறார் என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த நினைவுரைகளில் மனிதப் பேய்களும் வருகின்றன. உள்நாட்டுப் போருக்குப் பின் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கும்பல்கள் வெள்ளைத் துணி போர்த்து, போரில் மாண்ட தெற்குப் படைவீரர்களின் ஆவிகளாகத் தங்களைக் காட்டிக்கொண்டன. உடைக்குள் ஒரு பையை மறைத்து வைத்துக்கொண்டு, வாளி நிறையத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதுபோல் பாவனை செய்து, செத்த நாளுக்குப் பின் இதுதான் முதல் தண்ணீர் என்பார்களாம். 1871-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நடத்திய விசாரணையில் கறுப்பினப் பெண்கள் பலர் சாட்சி சொன்னார்கள். அந்தப் பதிவு 13 தொகுதிகளாக அச்சாகியிருக்கிறது. பேயை நம்பி நடுங்கியவர்கள் என்று பிற்கால வெள்ளையர் எழுதியதை இந்தத் தொகுதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வந்தவர் எந்த அண்டை வீட்டுக்காரர், யாருடைய குரல், யாருடைய குதிரை என்று சாட்சிகள் திரும்பத் திரும்ப அடையாளம் சொல்வதைக் காணலாம்.

எழுதும்போது

கண்டுபிடித்ததை எழுத உட்காரும்போது மூன்று வகை வாக்கியங்களைக் கலக்காதீர்கள்: ஆவணம் சொல்வது, கதை சொல்வது, நீங்கள் ஊகிப்பது. "க்ளோயி 1820-களில் வாழ்ந்த அடிமைப் பெண்" என்று தொடங்கும் கட்டுரை, எவ்வளவு பரிவோடு எழுதப்பட்டாலும், விடுதிக்காரரின் கதையைத்தான் மேலும் ஒருமுறை பரப்புகிறது. ஆவணத்தில் பெயர் இல்லாத பெண்ணுக்கு நீங்கள் பெயர் வைக்க வேண்டாம். "1850-ஆம் ஆண்டுப் பட்டியலில், இன்னாரின் பெயருக்குக் கீழே, இந்த வயதுடைய பெண்" என்று இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். சித்திரவதை விவரங்களில் முதல் அடுக்கில் உள்ளவற்றோடு நின்றுவிடுங்கள். கொலையுண்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அதே ஊர்களில் வாழக்கூடும் என்பதால், இருபதாம் நூற்றாண்டுச் சம்பவங்களில் குடும்பப் பெயர்களை வெளியிடும்முன் நன்றாக யோசியுங்கள்.

இணையத்தில் கிடைக்காததற்கு அந்தந்த மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதலாம். குடும்பம் வாரியாகவும் வீடு வாரியாகவும் கத்தரித்துச் சேர்த்த பழைய செய்திகளைப் பல சங்கங்கள் கோப்புகளில் வைத்திருக்கின்றன; கேள்வி குறிப்பாக இருந்தால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். "உங்கள் ஊர்ப் பேய் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காமல், பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு, உயில் அல்லது சொத்துக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் கண்டறிந்த தேதிகளின் பட்டியலையும் அத்துடன் இணைத்து அனுப்பினால், அடுத்து அதே கதையைத் தேடி வருபவருக்காக அவர்கள் அதைக் கோப்பில் சேர்த்து வைக்கக்கூடும்.